கரை ஒதுங்கிய அலுவலகம்

தாழைமுனைக்கு அந்த அலுவலகம் வந்து சேர்ந்தது மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின வியாழக்கிழமை, சாளைமீன் வள்ளங்கள் எல்லாம் கரையேறி, ஏலம் பாதி முடிந்திருந்த காலை நேரத்தில். அலைகள் அதை அவசரமில்லாமல் தள்ளிக்கொண்டு வந்து, ஏலக்கூடத்துக்கும் வலை காயப்போடும் மேட்டுக்கும் நடுவே, வாசல் ஊரைப் பார்த்து இருக்கும்படி மணலில் உட்காரவைத்துவிட்டு, இனி உங்கள் பாடு என்பதுபோலப் பின்வாங்கிவிட்டன. ஒரே அறைதான். கண்ணாடிக் கதவு, நீளமாக ஒரு மரப்பெஞ்சு, பொத்தானை அழுத்தினால் டோக்கன் துப்புகிற ஒரு பெட்டி, சிவப்பு எழுத்தில் எண் காட்டும் பலகை, சுவரில் ஒரு கடிகாரம், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. அவ்வளவு தூரம் கடலில் மிதந்து வந்தும் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்த அம்மா மேசைமேல் இருந்த முத்திரைக் கட்டையை நேராக்கி வைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக் காத்திருந்தார்.

யாரும் ஆச்சரியப்பட்டதாகச் சொல்ல முடியாது. எங்கள் கரையில் கண்டெய்னர் ஒதுங்கியிருக்கிறது, பெயர் தெரியாத திமிங்கிலம் ஒதுங்கியிருக்கிறது, ஒருமுறை வெளிநாட்டு உலர்திராட்சை மூட்டை மூட்டையாக ஒதுங்கி, ஊரே ஒரு மாதம் பாயசம் குடித்தது. ஆகவே முதலில் எழுந்தது புகார்தான்.

"வல காயப்போடுத எடத்துல வந்து உக்காந்துட்டு பாரு" என்றார் லாஞ்சிப் படகு முதலாளி இன்னாசி. "இதுக்கு யாரு வாடகை தருவா?"

"ஆபீசுக்கு வாடகையா? அது நம்மகிட்ட கேக்காம இருந்தா போதாதா அண்ணாச்சி" என்றார் தொபியாஸ். தாலுகா ஆபீஸ் வாசலில் இருபது வருடமாக மனு எழுதிக்கொடுப்பவர்; எந்த மேசையில் எதைச் சொன்னால் எது நகரும் என்று தெரிந்தவர்.

கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பு ஆங்கிலத்தில் இருந்ததால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் சத்தமாகப் படித்து, தமிழில் சொன்னேன்: இந்த அலுவலகம் முப்பது நாட்கள் திறந்திருக்கும். ஒரு நாளைக்கு ஒரு மனு. அந்த மனு அன்று மாலைக்குள் முடித்துத் தரப்படும். அவரவர் முறைப்படி வரவும். கட்டணம் இல்லை.

"கட்டணம் இல்லன்னா கையில எவ்வளவு குடுக்கணும்னு கேளு செலீன்" என்றார் தொபியாஸ்.

நான் உள்ளே போய்க் கேட்டேன். அந்த அம்மாவுக்குக் கேள்வி புரியவே இல்லை. மூன்று விதமாக மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். கடைசியில் அவர் தன் உள்ளங்கையைத் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, கையில் எனக்கு எதுவும் தேவையில்லையே என்றார். பிறகு, இந்த ஊர் மொழியும் தெரிந்து தன் மொழியும் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருந்தால் நல்லது என்றும், இரண்டு பக்கமும் சொன்னதைச் சொன்னபடி சொன்னால் போதும் என்றும் சொல்லி, தடுப்புக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார். அப்படித்தான் நான் அங்கே உட்கார்ந்தேன்.

நான் எதற்காக ஊருக்குத் திரும்பினேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான்கு வருடத்துக்கு முன்பு ஐப்பசிப் புயலில் என் அண்ணன் கஸ்பார் கடலுக்குப் போனவன் வரவில்லை. அடுத்த மாதம் ஒரு வார லீவில் வந்தவள், மறுபடி போகவில்லை. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் குளிர் நாட்டின் ஒரு நகரத்தில் எனக்கு வேலை, நாடுகளின் வருமானத்தை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு எண். அந்த எண்கள் ஏன் ஒன்றுக்கொன்று இவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, அதே இரண்டு கையும் அதே இருபத்துநான்கு மணி நேரமும் உள்ள ஒருவன் விமானத்தில் ஏறி இறங்கியதும் எப்படிப் பல மடங்கு பெறுமானம் உள்ளவன் ஆகிவிடுகிறான் என்று நாங்கள் கட்டுரை கட்டுரையாக எழுதினோம். சிலர் மண் என்றார்கள், சிலர் வெயில் என்றார்கள், சிலர் பழைய கொள்ளை என்றார்கள். நான் இருந்த கட்சி, நிறுவனங்கள் என்று சொன்னது.

அந்த ஊரில் என் ஜன்னலிலிருந்து கடல் தெரியும். ஒரு கோடையில் பாய்மரப் படகில் பொழுதுபோக்கப் போன கணவனும் மனைவியும் திரும்பவில்லை. பதினொரு நாள் ஹெலிகாப்டர்கள் பறந்ததை நான் தேநீர்க் கோப்பையோடு நின்று பார்த்தேன். அண்ணன் போனபோது ஒரு படகு ஒரு காலையில் பேருக்குத் தேடிப் போய், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டது. அந்த நாட்டின் எண் எங்கள் எண்ணைப்போல இருபத்திரண்டு மடங்கு. பதினொரு நாளை இருபத்திரண்டால் வகுத்தால் அரை நாள் வருகிறது. கணக்கு மிகச் சரியாக இருந்ததுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

அண்ணனின் மனைவி அமலோற்பவம், என் மைனி, இந்த நான்கு வருடத்தில் ஏறாத படி இல்லை. உடல் கிடைக்காததால் ஏழு வருடம் பொறுக்க வேண்டும், அதுவரை அவள் மனைவியும் இல்லை விதவையும் இல்லை என்றது ஒரு மேசை. வேறெங்காவது போய்க் குடும்பம் நடத்திக்கொண்டிருப்பான், நல்லா விசாரிச்சுப் பாரும்மா என்றது இன்னொரு மேசை. அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வந்த அன்று அவள் கருவாட்டைக் காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்: "எனக்குப் பணம் வேண்டாம், விதவைச் சீட்டும் வேண்டாம். தேடினோம்னு ஒருத்தன் சொல்லட்டும். தேடிட்டு, கிடைக்கலன்னு சொன்னாலும் சரி. தேடாமலே ஒரு மனுசனை எப்படிக் காணோம்னு சொல்லுதது?"

ஆகவே அலுவலகம் வந்த அன்று மதியமே நான் அவளிடம் ஓடினேன். "மைனி, யாருமே இல்ல. பெஞ்சு காலியா இருக்கு. இப்பவே வா."

"வாரேன். முதல்ல காகிதம் எல்லாம் எடுக்கணும்லா."

"அங்க காகிதம் ஒண்ணும் கேக்க மாட்டாவ."

"கேக்காத ஆபீசு உண்டுமா? இருபத்திரண்டு வருசம் வெளியில இருந்துட்டு வந்து பேசுத பாரு" என்று சிரித்தாள். கைப்பிள்ளையைக் கொஞ்சுவதுபோல அவள் அந்தக் காகிதப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ரேஷன் கார்டு, வள்ளத்தின் பதிவுச் சான்று, ஞானஸ்நான நகல், புகைப்படம் மூன்று பிரதி, எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ். ஜெராக்ஸ் எல்லாவற்றிலும் பச்சை மையில் கையெழுத்து வேண்டும். பச்சை மையில் கையெழுத்துப் போடத் தகுதி உள்ளவர் மேல்நிலைப் பள்ளி ஹெட்மாஸ்டர். அவர் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார், அடுத்த புதன்கிழமைதான் வருவார். நான்கு வருடத்தில் எத்தனையோ முறை ஒரு நகல் குறைந்து திரும்பி வந்தவள் அவள். இந்த முறை குறையில்லாமல் போக வேண்டும் என்று நினைத்தாள். நான் தினமும் சொன்னேன், அவள் தினமும் புதன்கிழமை என்றாள். ஆறு நாள், கண்ணாடிக் கதவு திறந்தே இருந்த ஆறு நாள், அந்த அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனு எதுவும் வரவில்லை.

வந்தவர்கள் வேறு ஆட்கள். ஜீப்பில் வந்த ஒரு அதிகாரி, இது எந்தத் துறையின் கீழ் வருகிறது என்று கேட்டு, கீழ் என்றால் என்ன என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டதும் குறித்துக்கொண்டு போனார். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டு, குளிர்ச்சியாக இருக்கிறது என்று கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஏழாம் நாள் சிப்பி பொறுக்கும் லூசியா, வெயிலுக்கு ஒதுங்க உள்ளே வந்தவள், விளையாட்டாகப் பொத்தானை அழுத்தினாள். பலகையில் ஒன்று என்று எரிந்தது. அந்த அம்மா எழுந்து நின்று அவளை உட்காரச் சொல்லி, என்ன வேண்டும் என்று என்னைக் கேட்கச் சொன்னார். லூசியா சுற்றும் முற்றும் பார்த்தாள். அவளிடம் அந்தக் கேள்வியை யாரும் உட்காரவைத்துக் கேட்டதில்லை. "தண்ணி" என்றாள். எத்தனை குடம் தூக்குகிறாள், எவ்வளவு தூரம், இடுப்பில் எந்தப் பக்கம் வலி என்று அந்த அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். சாயங்காலம் ஐந்தரைக்கு முத்திரை குத்திய காகிதத்தோடு லூசியா வீட்டுக்குப் போனபோது, அவள் குடிசையின் பின்சுவரில் ஒரு பித்தளைக் குழாய் முளைத்திருந்தது. திறந்தால் நல்ல தண்ணீர். குழாய் எந்த வழியாக வந்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் கேட்டது, எங்களுக்கும் ரெண்டு குடம் விடுவாளா என்றுதான்.

மறுநாள் காலை ஊரே வரிசையில் நின்றது. இங்கே எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரேஷன் கடையோ, மண்ணெண்ணெயோ, எங்கே வரிசை என்றாலும் தாழைமுனைக்காரர்கள் தாங்கள் நிற்பதில்லை. ஒரு செருப்பையோ, கல்லையோ, பழைய பையையோ தங்கள் இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கல்லுக்கு மரியாதை உண்டு. அதைத் தாண்டி யாரும் நிற்க மாட்டார்கள். அன்றும் அப்படித்தான் பொத்தானை அழுத்தினார்கள், டோக்கனைச் செருப்புக்கு அடியில் செருகினார்கள், பெஞ்சு ஓரமாக வரிசையில் வைத்தார்கள், டீ குடிக்கப் போனார்கள். தொபியாஸ் ஒரு சாக்கு நிறைய பழைய ஹவாய் செருப்புகளோடு வந்தார். "வெளியூர்லேர்ந்து ஆள் வரும் தங்கச்சி. அவியளுக்கு ஒரு எடம் பிடிச்சுக் குடுத்தா தப்பா?" என்றபடி முப்பது டோக்கன் எடுத்து முப்பது செருப்புக்கு அடியில் வைத்தார்.

புதன்கிழமை பச்சைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வியாழக்கிழமை காலை மைனி வந்து சேர்ந்தபோது அறுபது டோக்கன் போயிருந்தது. அவளுடையது அறுபத்தொன்று. அதை எந்தச் செருப்புக்கு அடியிலும் வைக்காமல், கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, வரிசையின் கடைசியில் தானே நின்றாள்.

இரண்டாம் எண் எரிந்தபோது இன்னாசி டீக்கடையில் இருந்தார். வரிசையில் முன்னால் இருந்தது அவருடைய இடது கால் தோல்செருப்பு. அந்த அம்மா வெளியே வந்து, இரண்டு கையாலும் அதை எடுத்து, நாற்காலியில் வைத்து, தான் எதிரே உட்கார்ந்து, மனுவை விசாரிக்கத் தொடங்கினார். எனக்கு மொழிபெயர்க்க ஒன்றுமில்லாததால் சும்மா இருந்தேன். செருப்பு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர் குனிந்து குதிகாலின் தேய்மானத்தை அளந்தார், அறுந்து தைத்த வாரைத் தடவிப் பார்த்தார், நடந்த தூரத்தைக் கணக்கிட்டார், மதியம் வரை எழுதினார். மாலையில் தீர்ப்பு வந்தது: இந்த விண்ணப்பதாரர் போதிய அளவு உழைத்துவிட்டார், இனி யாருடைய பாரத்தையும் சுமக்கத் தேவையில்லை. இன்னாசி ஓடிவந்து செருப்பை மாட்டினார். அது அவர் காலில் நிற்கவில்லை. எப்படி மாட்டினாலும் நழுவி, மெதுவாக, மரியாதையாக, ஒதுங்கிக்கொண்டது. ஒற்றைச் செருப்போடு அவர் நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனதைப் பார்த்து மீன்காரிகள் சிரித்தார்கள்: "முதலாளி, செருப்புக்குக் கிடைச்ச ஓய்வு எங்களுக்கும் கிடைக்குமான்னு கேட்டுச் சொல்லும்!"

மூன்றாம் எண் ஒரு கல். அதற்கு, இருக்கும் இடத்திலிருந்து யாரும் நகர்த்தக் கூடாது என்று காகிதம் கிடைத்தது. எட்டுப் பேர் கம்பி போட்டு நெம்பியும் அது அசையவில்லை.

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. எல்லோரும் ஓடிப்போய்த் தங்கள் செருப்புகளுக்கு அடியிலிருந்து டோக்கனை உருவப் பார்த்தார்கள். வரவில்லை, காகிதம் ரப்பரோடும் கல்லோடும் பையோடும் ஒட்டியே பிறந்ததுபோல இருந்தது. எதனிடம் விட்டுப் போனார்களோ அதன் பெயருக்கே டோக்கன் ஆகியிருந்தது. நான் அந்த அம்மாவிடம் விளக்கிப் பார்த்தேன்: அவை ஆட்கள் இல்லை, ஆட்களுக்காக வைக்கப்பட்டவை. அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "நின்றது யார்?"

அப்படியாக நாட்கள் போயின. காலை ஒன்பதுக்கு ஒரு செருப்பு உள்ளே போகும், மாலை ஐந்தரைக்கு நீதியோடு வெளியே வரும். ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. பெஞ்சில் வந்து உட்கார்ந்து செருப்புகளின் வழக்குகளைப் பார்த்தார்கள், எது ஜெயிக்கும் என்று பேசிக்கொண்டார்கள். குழந்தை பிறந்தால் அந்த அம்மாவுக்கு முதல் சர்க்கரை கொடுத்தார்கள். அவர் வாங்கி, நன்றி சொல்லி, பதிவேட்டில் எழுதிக்கொண்டு, குழந்தைக்கு வாழ்த்து மடல் கொடுத்தார். மீனவர் சங்கத்தில் கூடிப் பேசி, இந்த வேலையெல்லாம் அந்தப் பெட்டிதான் செய்கிறது என்று முடிவுசெய்து, டோக்கன் பெட்டியை இரண்டு நாள் இரவல் கேட்டார்கள். அவர் மறுக்கவில்லை. சங்கத்தில் வைத்தபோது அது எல்லோருக்கும் ஒன்று என்றே டோக்கன் துப்பியது, அடிதடியாகிவிட்டது. மூன்று பேருக்கு மண்டை உடைந்த பிறகு பெட்டியைத் துடைத்துத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"அப்போ பெட்டி இல்ல" என்றார் தொபியாஸ், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து. அவருடைய வெளியூர் ஆட்கள் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "கண்ணாடியும் இல்ல, நாற்காலியும் இல்ல. பின்ன எதுதான் தங்கச்சி? நீ படிச்சவ. அங்க மட்டும் எப்படி நடக்கு?"

"வரிசையில நின்னா முறை வரும்னு எல்லாரும் நம்புதாவ அண்ணாச்சி. வரும்னு நம்புததால நிக்காவ. நிக்குததால வருது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் வரிசையில் இருந்த தன் செருப்புகளைப் பார்த்தார். "அதுக்கு முதல்ல யாராச்சும் ஒருத்தன் நிக்கணும்லா" என்றார்.

முனையின் தென்கோடியில் ஒரு பழைய கஸ்டம்ஸ் கட்டடம் இருக்கிறது. குளிர் நாட்டுக்காரர்கள் கட்டிவிட்டுப் போனது. அதே செங்கல், அதே வளைவு, நான் இருந்த நகரத்தில் அவர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட கட்டடங்களைப் போலவே இருக்கும். ஆனால் அதில் வசூல் வாங்க ஆறு ஜன்னல் வைத்திருந்தார்கள். மனு வாங்க ஒன்றுகூட வைக்கவில்லை. அவர்கள் போன பிறகு நாங்களும் புது ஜன்னல் திறக்கவில்லை. மதிய இடைவேளையில் மைனியோடு அந்தக் கட்டடத்து நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒருநாள் அவள் கேட்டாள், "நீ அங்க என்னத்த எழுதின, இவ்வளவு வருசமா?"

"நிறுவனங்கள்தான் காரணம்னு எழுதினேன் மைனி."

"நிறுவனம்னா? கம்பெனியா?"

"கம்பெனி இல்ல. சட்டம், ஆபீசு, பழக்கம்… ஒருத்தர் சொன்னா சொன்னது நடக்கும்ங்கிறது."

"வாக்கு" என்றாள் அவள், சோற்றைப் பிசைந்தபடி. "அப்படின்னு எழுதியிருக்கலாம்லா. எனக்கும் புரிஞ்சிருக்கும்."

அவள் தினமும் நின்றாள். எட்டு மணிக்கு வந்து, செருப்புகளுக்கும் கற்களுக்கும் பின்னால், அந்த வரிசையில் மூச்சுவிடுகிற ஒரே ஆளாக ஐந்தரை வரை நின்றாள். காகிதப் பையை மாற்றி மாற்றிக் கையில் பிடித்துக்கொள்வாள். அந்த அம்மா சில சமயம் கண்ணாடி வழியாக அவளைப் பார்ப்பார். பார்வையில் இரக்கம் இருந்தது, ஆனால் பலகையில் எரிந்த எண்ணை அவர் மாற்றவில்லை. நான் கணக்குப் போட்டேன். என்னால் முடிந்தது அதுதானே. ஏழாம் நாள் ஒன்று. முப்பதாம் நாள் இருபத்துநான்கு. அறுபத்தொன்று எந்த நாளிலும் வராது. நான் அதை மைனியிடம் சொல்லவில்லை. அவளுக்கு எண்ணத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இருபத்தொன்பதாம் நாள் காலை பலகையில் இருபத்துமூன்று எரிந்தது. அந்த எண்ணுக்கு உரியது தொபியாஸின் சாக்கிலிருந்து வந்த ஒரு நீல ஹவாய் செருப்பு. அதை யாரும் விலைக்கு வாங்கவில்லை, அது யாருடைய காலுக்கும் உரியதல்ல, எங்கிருந்தோ கடலே ஒதுக்கிய ஒற்றைச் செருப்பு. அந்த அம்மா பதிவேட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தார். நான் எழுந்து வெளியே போனேன். வாசலுக்கு வெளியே கடல் தட்டையாக, வெயிலில் வெள்ளித் தகடுபோலக் கிடந்தது. இந்தச் செருப்புக்கு இன்று என்ன கிடைக்கும் என்று யோசித்தேன். ஒருவேளை அதன் ஜோடியைத் தேடச் சொல்லி உத்தரவு வரும், கப்பல்கள் புறப்படும், பதினொரு நாள் ஹெலிகாப்டர்கள் பறக்கும். காலால் அதை பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன்.

"மைனி, வா."

அவள் என்னைப் பார்த்தாள். "எனக்க முறை வந்துட்டா?"

"வந்துட்டு."

அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, கோயிலுக்குள் நுழைகிறவள்போல வலது காலை வைத்து உள்ளே வந்தாள். உட்கார்ந்தாள். பையிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பச்சைக் கையெழுத்து மேலே தெரியும்படி அடுக்கினாள். நான் கேட்காமலே பேச ஆரம்பித்தாள், நான்கு வருடமாக நெஞ்சில் எழுதி வைத்திருந்ததை: "பேரு கஸ்பார். வயசு அம்பத்திரண்டு. இடது புருவத்துல தூண்டி கிழிச்ச தழும்பு இருக்கும். சிரிச்சா அது மேல ஏறும். மஞ்சக் கட்டம் போட்ட சாரம். போகும்போது சீரகத் தண்ணி கேட்டாவ, நான் அடுப்புல வேலையா இருக்கேன்னு சொன்னேன். தேடுங்கம்மா. கிடைக்கலன்னாலும் பரவாயில்ல. தேடுங்க."

நான் அதை மாற்றிச் சொன்னேன். சீரகத் தண்ணீரையும் விடாமல் சொன்னேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலில், வெகுதூரத்தில், கடலும் வானமும் சேரும் கோட்டில், வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தோன்றுவதை நான் பார்த்தேன், கப்பல்கள், பத்தோ இருபதோ, கரையில் நின்றவர்களும் பார்த்தார்கள், இன்னாசி ஒற்றைச் செருப்போடு நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். அந்த அம்மா முத்திரைக் கட்டையை எடுத்தார். பிறகு வழக்கம்போலக் கடைசிக் கேள்வியைக் கேட்டார்: "இவர் இருபத்துமூன்றா?"

சொன்னதைச் சொன்னபடி சொல்வதற்காக உட்காரவைக்கப்பட்டவள் நான்.

"ஆமாம்" என்றேன்.

அவர் பலகையைப் பார்த்தார். மைனியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம். முத்திரைக் கட்டையை அது இருந்த இடத்திலேயே வைத்தார். முதல்முறையாக அவர் நெற்றியில் வியர்வை அரும்புவதைக் கண்டேன். வந்த நாளிலிருந்து கழற்றாத ஸ்வெட்டரைக் கழற்றி, உதறி, நாற்காலியின் முதுகில் போட்டார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு விசிறியை எடுத்து விசிறிக்கொண்டார். காகிதங்களை ஒருமுறை புரட்டினார், முன்னும் பின்னும். பிறகு, இத்தனை நாளில் ஒரு தமிழ்ச் சொல் பேசியிராத அந்த அம்மா, எங்கள் கரையின் இழுப்போடு, தலையைத் தூக்காமல் சொன்னார்:

"ஒரு நகல் கொறையுது. நாளைக்கு வாங்க."

நான் திகைத்து உட்கார்ந்திருந்தேன். மைனி திகைக்கவில்லை. அந்த வாக்கியத்தை அவள் நன்றாக அறிவாள். "சரிங்கம்மா" என்றாள். காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள். ஜன்னலில் கடல் வெறுமையாக இருந்தது.

முப்பது நாள் முடிந்தும் அலை அந்த அலுவலகத்தைக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோவதற்கு இனி அது வேறிடத்தைச் சேர்ந்ததாக இல்லை. கதவில் இருந்த அறிவிப்பை மழை கரைத்துவிட்டது. லூசியாவின் குழாயில் ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது, அதுவும் நாறுகிறது. எட்டுப் பேரால் நகராத கல்லை இப்போது பிள்ளைகள் பந்து விளையாட அங்கும் இங்கும் உருட்டுகிறார்கள். இன்னாசியின் செருப்பு ஒரு காலையில் தானாக அவர் காலுக்குள் வந்துவிட்டது. ஊர் முழுக்க நடந்து காட்டினார். தொபியாஸ் தாலுகா ஆபீஸ் வாசலிலிருந்து மேசையைத் தூக்கி வந்து இங்கே போட்டிருக்கிறார். வியாபாரம் மோசமில்லை. எவருக்கும் பெரிய வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. இந்த மாதிரி அலுவலகத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் இரண்டு மாதம் மைனியின் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். பிறகு ஒருநாள் அவளே வந்தாள், கருவாட்டுக் கூடையோடு. நான் சொல்லத் தொடங்கினேன், அன்றைக்கு உண்மையில் உன் முறை வரவில்லை மைனி, நான்தான்…

"எனக்குத் தெரியாதா?" என்றாள். இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள். டோக்கன் வியர்வையில் மங்கியிருந்தது. எண் மட்டும் தெளிவாக இருந்தது. "அறுபத்தொண்ணை நான் கையில வச்சிருக்கேன். பலகையில இருவத்திமூணு எரியுது. எண்ணத் தெரியாதவளா நான்? மீன் வித்தவ." டோக்கனின் சுருண்ட ஓரத்தை நகத்தால் நீவினாள். "நீ கூப்பிட்ட. எனக்கும் வரணும்னு இருந்துச்சு. நிக்க முடியும்னுதான் நெனச்சேன், செலீன். அன்னைக்குன்னு முடியல."

நான் அழுதேன். அவள் அழவில்லை. டோக்கனை மறுபடி முடிந்து இடுப்பில் செருகினாள்.

பலகையில் இன்னும் இருபத்துமூன்றுதான் எரிகிறது. பழுதாகிவிட்டது என்கிறார்கள். அலுவலகத்துக்குள்ளே ஆட்கள் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போகிறார்கள், வருகிறார்கள். எண்ணை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் காலையில் எட்டு மணிக்கு அந்தப் பக்கம் போனால் பார்க்கலாம்: நீலச் செருப்பை பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்து, மணலைத் தட்டி, வரிசையில் அதன் இடத்தில் வைத்திருக்கிறாள். அதற்குப் பின்னால், மீதிச் செருப்புகளுக்கும் கற்களுக்கும் பின்னால், முப்பத்தெட்டாவது இடத்தில், காகிதப் பையோடு அமலோற்பவம் நின்றுகொண்டிருக்கிறாள்.